சட்டி பழக ஒன்று

முதல் ஆப்பம் சட்டியில் ஒட்டும்,
பிய்ந்துபோகும், கோழிக்குத்தான் ஆகும் என்று
பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறேன்.
எங்கள் வீட்டில் கோழி கிடையாது.
யாரும் கேட்டதில்லை.

திங்கள், புதன், சனி.
டோக்கன் வாங்க இன்னாசிராஜ்
இருட்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபிறகு,
பிள்ளைகள் இரண்டும் மின்விசிறிக்குக் கீழே
கோணல்மாணலாகக் கிடக்கையில்,
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும் சத்தத்தில்
எனக்கென்று ஒன்று ஊற்றிக்கொள்வேன்.

ராத்திரியே தேங்காய்த் தண்ணீர் விட்டுப் புளித்த மாவு.
ஒரு கரண்டி. சட்டியின் இரண்டு காதையும் பிடித்து
ஒரு சுற்று, அப்புறம் அரைச் சுற்று.
ஓரம் புது வலைபோலக் கண்ணி கண்ணியாகக் காயும்.
நடுப்பஞ்சில் சாயல்குடிக் கருப்பட்டியைச் சீவிப் போட்டு
ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கும்வரை
மூடிவைப்பேன்.
திறந்தால் கருப்பட்டி கண்கலங்கி நிற்கும்.
தலைப்பால் அரைத் தம்ளர்.
மேலே ஒரு சொட்டு நெய். அது தேவையில்லை.
தேவையில்லை என்பதற்காகத்தான்.

தட்டு கிடையாது. நின்றபடியே
விரல் சுடச்சுட முறுகலை முதலில்,
கடைசியாக நடுப்பஞ்சை, முழுசாக, ஒரே வாயில்.
யாராவது பார்த்தால்
திருடிக்கு இவ்வளவு பொறுமையா என்பார்கள்.

பிறகு எல்லோருக்கும் ஊற்றுவேன்.
அவையும் நல்ல ஆப்பங்கள்தான்.

சித்திரை பிறந்த மறுநாள் தடைக்காலம்.
அறுபத்தோரு நாள்.
படகைக் கரையேற்றினார்கள், வர்ணம் அடித்தார்கள்.
ஆனால் நாலரைக்கு விழிப்பது
அந்த மனுஷனுக்கு உடம்பில் ஊறிப்போனது.
எழுந்து வந்து அடுப்படி வாசலில்
சும்மா உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள் நானே பிய்த்தேன், கரண்டியால்.
நன்றாக வந்த ஒன்றை
வராததுபோல எடுப்பது லேசில்லை.
எட்டு நாள் பிய்த்தேன்.
ஒன்பதாம் நாள் கைமறதி.
ஓரம் குலையாமல், ஒரு பொத்தல் இல்லாமல்
எழும்பி வந்துவிட்டது.
அவர் பார்த்தார்.
"கோழி வளக்குறமா நாம?" என்றார்.

சொல்லிவிட்டேன். நெய் உட்பட.

அவர் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
வலை ஏறினதும், முதலாளி கணக்குக்குப் போகுமுன்
நல்லதாக ஒரு பாறை எடுத்துவிடுவார்களாம்.
தலையும் வயிற்றுப்பக்கமும் மட்டும்.
கடல் தண்ணீர் பாதி, குடிதண்ணீர் பாதி,
முழுசாக ஆறு குண்டு மிளகாய். புளிகூடக் கிடையாது.
ஐந்து பேர், ஒரே சட்டி,
இலங்கை வெளிச்சம் தெரிகிற தூரத்தில், விடியுமுன்.
"கரையில எந்த வீட்டுக் குழம்பும்
அதுக்குக் கிட்ட வராது" என்றவர்
என்ன சொன்னோம் என்று புரிந்து
என் முகத்தைப் பார்த்தார்.

பரவாயில்லை, உங்களுக்கு ஊற்றுகிற ஆப்பமும்
இதுக்குக் கிட்ட வராது என்றேன்.

மீதி ஐம்பத்திரண்டு நாளும்
முதல் ஆப்பம் ஆளுக்குப் பாதி.
உள்ளதைச் சொன்னால், பாதி போதவில்லை.
நடுப்பஞ்சை அவர் கேட்கமாட்டார்,
பார்ப்பார். கேட்பதே தேவலாம்.

ஆனி பிறந்தது.
டோக்கன், டீசல், ஐஸ். இருட்டில் சைக்கிள் மணி.
முழு ஆப்பம், எனக்கே எனக்கு.
பாதியை எடுத்துவைக்கக் கை கொஞ்சம் தயங்கியது
என்று சொன்னால் நன்றாக இருக்கும்.
தயங்கவில்லை. நெய் இரண்டு சொட்டு.

அடுப்பு மேடையில் ஒரு குண்டு மிளகாய் கிடந்தது.
டப்பாவிலிருந்து அள்ளும்போது விழுந்ததோ,
வைத்துவிட்டுத்தான் போனாரோ.
கருப்பட்டிப் பால் வாயில் இருக்கும்போதே
அதைக் கடித்தேன்.

பெனிட்டா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து
முதல் ஆப்பம் எங்கே என்றாள்.
கோழிக்கு என்றேன்.
வாயெல்லாம் எரிந்தது.